பிரா அளவு தெரியலையா? வீட்டிலேயே பார்க்கலாம்!

கடையில் கேட்க கூச்சப்பட்டு, குத்துமதிப்பாக பிரா வாங்கி அவதிப்படும் பெண்கள் ஏராளம். டெய்லர் டேப் ஒன்று இருந்தால் வீட்டிலேயே அளவு பார்த்துவிடலாம்.

மூச்சை வெளியே விட்டு, மார்புக்கு கீழே டேப்பை இறுக்கமாக சுற்றி அளக்கணும். வரும் இஞ்ச் இரட்டைப்படை என்றால் 4, ஒற்றைப்படை என்றால் 5 கூட்டணும். 29 வந்தால் 34. இதுதான் பட்டை அளவு.

அடுத்து மார்பின் எடுப்பான இடத்தில் இறுக்காமல் அளக்கணும். அதில் பட்டை அளவை கழித்தால் கப் தெரிஞ்சிடும். வித்தியாசம் 1 இஞ்ச் என்றால் 'ஏ', 2 'பி', 3 'சி', 4 'டி'. 36 வந்தால் '34 பி'.

இது தோராயம்தான். கம்பெனிக்கு கம்பெனி மாறும்.

பாரம் தாங்க வேண்டியது பட்டைதான், தோள் வார் அல்ல. தோளில் தடம் விழுந்தால் பெரும்பாலும் பட்டை லூசு. புதுசு வாங்கும்போது கடைசி கொக்கியில் சரியாக இருக்கணும். எலாஸ்டிக் தளர்ந்தபின் உள்கொக்கிக்கு மாறினால் கூடுதல் நாள் உழைக்கும்.