2.03 மீற்றருக்குப் பின்னால்

ஈழத்து விளையாட்டு வரலாற்றைப் பற்றி எழுதப் புகும் எவரும் 1958ஆம் ஆண்டைத் தொடாமல் செல்வதில்லை. அவ்வாண்டு டோக்கியோவில் நடைபெற்ற மூன்றாவது ஆசிய விளையாட்டுப் போட்டியில், யாழ்ப்பாணம் பெரியவிளானைச் சேர்ந்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், உயரம் பாய்தலில் 2.03 மீற்றர் பாய்ந்து தங்கப் பதக்கம் பெற்றார். ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இலங்கைக்குக் கிடைத்த முதலாவது தங்கம் அது. எங்கள் கட்டுரைகள் அநேகமாக இந்த இடத்திலேயே கைகூப்பி நின்றுவிடுகின்றன. நான்கு ஆண்டுகள் கழித்து ஜகார்த்தாவில் அதே மனிதர் இரண்டாமிடம் பெற்றமை ஒரு வரியில் முடிந்துவிடும். அதன்பின் நிகழ்ந்தவற்றுக்கு அந்த ஒரு வரியும் இல்லை. பத்திரிகைத் தொழிலில் நெடுங்காலம் கழித்தவன் என்ற முறையில் இந்தப் பழக்கத்தின் காரணத்தை நான் அறிவேன். ஏறுமுகத்தை எழுதுவது இலகு. இறங்குமுகத்தை எழுதுவதற்குக் கணக்குப் பார்க்க வேண்டும். இங்கே அந்தக் கணக்கைத்தான் பார்க்க விரும்புகிறேன்.

1934இல் பிறந்த எதிர்வீரசிங்கம் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் மாணவர். கோட்டைக்கும் பொது நூலகத்துக்கும் அண்மையில், பண்ணைக் கடற்காற்று வந்து மோதும் மைதானம் அக்கல்லூரியினுடையது. பரியோவான் கல்லூரியுடனான கிரிக்கெட் ஆட்டத்தினால்தான் அது பெரும்பாலானோருக்குத் தெரிந்தது. அங்கிருந்து புறப்பட்ட ஒரு மாணவன் 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் இலங்கையின் சார்பில் நின்றபோது அவனுக்கு இன்னும் 18 வயது ஆகவில்லை. 1956இல் மெல்பேர்ண் ஒலிம்பிக்கிலும் அவர் பங்குபற்றினார். இரண்டிலும் பதக்க வரிசையை எட்டவில்லை. ஆனால் ஹெல்சிங்கியின் பெறுபேறுகளைச் சற்றுக் கவனிக்க வேண்டும். அங்கே தங்கம் வென்ற அமெரிக்கர் வோல்ட் டேவிஸ் பாய்ந்தது 2.04 மீற்றர். வெள்ளி 2.01. வெண்கலம் 1.98. ஆறு ஆண்டுகளின் பின் எங்கள் வீரர் டோக்கியோவில் பாய்ந்த உயரம், ஹெல்சிங்கியில் வெள்ளிக்குப் போதுமானதாக இருந்திருக்கும்.

இடையில் அவர் அமெரிக்கா சென்று, லொஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் விவசாய விஞ்ஞானம் பயின்றார். அது அக்காலத்தில் மெய்வல்லுனர்களின் பாசறை. பத்து நிகழ்ச்சிப் போட்டியில் 1960இல் ஒலிம்பிக் தங்கமும் வெள்ளியும் வென்ற ரேஃபர் ஜோன்சனும் தாய்வானின் யாங் சுவான்குவாங்கும் அதே பல்கலைக்கழகத்து மாணவர்கள், அதே பயிற்றுநரின் சீடர்கள். யாங் 1958இல் டோக்கியோவிலும் தங்கம் வென்றார். பெரியவிளான் இளைஞர் ஒருவர் இத்தகையோர் நடுவே பயிற்சி பெற்றார் என்பது சிறிய விடயமன்று.

டோக்கியோப் போட்டிகள் 1958 மே 24ஆம் திகதி தொடங்கி ஜூன் 1ஆம் திகதி முடிவுற்றன. இந்தத் திகதிகளை அறிந்த ஈழத்தமிழர் எவருக்கும் வேறொன்று நினைவுக்கு வரும். 1956இல் தனிச் சிங்களச் சட்டம். 1957 ஜூலையில் பண்டாரநாயக்க - செல்வநாயகம் ஒப்பந்தம். 1958 ஏப்ரலில் பிக்குமாரின் நெருக்குதலால் அது கைவிடப்பட்டது. மே 22ஆம் திகதியளவில் பொலன்னறுவைப் பகுதியில் ரயில் பயணிகள் தாக்கப்பட்டனர். அடுத்த சில நாட்களில் வன்முறை கொழும்புக்குப் பரவியது. மே 27இல் மகாதேசாதிபதி சேர் ஒலிவர் குணதிலக்க அவசரகால நிலையைப் பிரகடனம் செய்தார். கொழும்பில் அகதிகளான தமிழர் ஆயிரக்கணக்கில் கப்பல்களில் ஏற்றப்பட்டுக் காங்கேசன்துறையில் இறக்கப்பட்டனர். காங்கேசன்துறைக்கும் பெரியவிளானுக்கும் இடையே சில மைல்களே.

ஆக, டோக்கியோவில் இலங்கைக் கொடியை முதன்முதலாகத் தங்கத்துக்காக ஏற்றுவித்தவர் ஒரு தமிழர். அதே வாரத்தில் அதே நாட்டில் தமிழராய்ப் பிறந்ததே பலருக்கு உயிராபத்தாக இருந்தது. இதில் மிகைப்படுத்த எதுவுமில்லை. அவசரகாலப் பிரகடனத்தோடு பத்திரிகைத் தணிக்கையும் வந்தது. கொழும்பு ஆங்கிலப் பத்திரிகை ஆசிரியர் டார்சி விட்டாச்சி, நடந்தவற்றை ஒரு நூலாக எழுதி இலண்டனில் வெளியிட வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்திலோ அப்போது தனக்கென ஒரு தமிழ் நாளிதழ் இல்லை. ஈழநாடு பிறந்தது அடுத்த ஆண்டில்தான். வீரகேசரியும் தினகரனும் கொழும்பிலிருந்து ரயிலில் வர வேண்டும். ரயில்தான் தாக்குதலுக்கு இலக்காகியிருந்தது. ஒரு தங்கப் பதக்கச் செய்திக்கு இதைவிடப் பொருந்தாத வாரத்தை ஒருவர் தேடிப் பிடிக்க முடியாது.

இனி இறங்குமுகம்.

விளையாட்டில் வீழ்ச்சி இருவகைப்படும். ஆள் கீழே வருவது ஒன்று. ஆள் நின்ற இடத்திலேயே நிற்க, உலகம் மேலே போவது மற்றொன்று. எதிர்வீரசிங்கத்துக்கு நேர்ந்தது பெரும்பாலும் இரண்டாவது வகை என்பது என் கணிப்பு. 1956இல் அமெரிக்காவின் சார்ல்ஸ் டூமாஸ் ஏழடி என்ற சுவரை முதன்முதலாகக் கடந்தார். 1957இல் சோவியத்தின் யூரி ஸ்டெபானொவ், தடித்த அடித்தோல் கொண்ட சப்பாத்தோடு 2.16 மீற்றர் பாய்ந்தார். அதன் விளைவாகச் சப்பாத்தின் தடிப்புக்கே உலக அமைப்பு வரம்பு விதிக்க நேர்ந்தது. 1960இல் உரோம் ஒலிம்பிக்கில் வெண்கலத்துக்கு 2.14 மீற்றர் தேவைப்பட்டது. எட்டே ஆண்டுகளில் வெண்கலத்தின் விலை 16 சென்ரிமீற்றர் ஏறிவிட்டது! உரோமில் எங்கள் வீரர் இருக்கவில்லை. இருந்திருந்தாலும் அவரது 2.03 அங்கே பதக்கம் தந்திராது. 1963இல் வலெரி புறூமெல் 2.28 வரை போய்விட்டார்.

இந்தப் பின்னணியில்தான் 1962 ஜகார்த்தாவை வைத்துப் பார்க்க வேண்டும். 28 வயதை எட்டியவர், படிப்பும் ஆராய்ச்சியும் ஒருபுறம் இழுக்க, தம்மினும் உயரப் பாய்ந்த யப்பானிய வீரருக்கு அடுத்ததாக நின்று வெள்ளி பெற்றார். ஆசியாவில் இரண்டாமவர். அதை வீழ்ச்சி என்று எழுதுவதா என்பதை வாசகர்களிடமே விட்டுவிடுகிறேன். எனக்கு அந்த வெள்ளியின் மீது தங்கத்தைவிட மதிப்பு உண்டு. டோக்கியோவில் அவர் தம் உச்சத்தில் இருந்தார். ஜகார்த்தாவில் அந்த உச்சம் கடந்துபோனதை அறிந்துகொண்டு பாய்ந்தார்.

அதே 1962இல் இன்னொரு தமிழருக்கும் சரிவு தொடங்கியது. தென்காசிக் குடும்பத்து இராமநாதன் கிருஷ்ணன், 1960இலும் 1961இலும் விம்பிள்டன் அரையிறுதி வரை சென்றவர். 1962இல் நான்காம் தரநிலை பெற்றும் கணுக்கால் காயத்தால் இடையில் விலக நேர்ந்தது. ஆயினும் டெனிஸில் டேவிஸ் கிண்ணம் என்ற ஒன்று உண்டு. 1966இல் இந்தியா அதன் இறுதியாட்டத்துக்குச் சென்றபோது கிருஷ்ணன்தான் அணியின் தூண். அவருக்கு நாடும் அணியும் இரண்டாவது வாய்ப்பை வைத்திருந்தன. உயரம் பாய்பவனுக்கு அணி இல்லை. குறுக்குத் தடி விழுந்தால் விழுந்ததுதான்.

எதிர்வீரசிங்கத்தை இனப் பாரபட்சம் வீழ்த்தியது என்று எழுதுவோர் எம்மிடையே உண்டு. இந்நாட்டின் பாரபட்சத்தை மறுப்பவன் அல்லன் நான். ஆனால் அந்த ஒரே காரணத்தின் பின்னால் ஒளிந்துகொள்ளும்போது, உயரம் பாய்தல் என்ற கலை எவ்வாறு மாறியது, நாம் ஏன் அதன் பின்னால் போகவில்லை என்ற கேள்விகள் தப்பிவிடுகின்றன. அவரே தம் வாழ்வின் பெரும்பகுதிக்குத் தெரிவு செய்தது வேறு துறை. கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். ஆபிரிக்காவில் சியராலியோனிலும் நைஜீரியாவிலும் பணியாற்றினார். வடக்கு கிழக்கின் கல்வியிலும் புனர்வாழ்விலும் பிற்காலத்தில் ஈடுபட்டார். விளையாட்டிலிருந்து ஓய்ந்தபின் பழைய பதக்கத்தைக் காட்டியே காலங்கழித்த எத்தனையோ பேரை நாம் அறிவோம். அவர் அவ்வகையினர் அல்லர்.

மைதானங்களின் கதைதான் மெய்யான வீழ்ச்சி. 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் டிக் ஃபொஸ்பரி முதுகைத் தடிக்குக் காட்டிப் பாய்ந்து 2.24 மீற்றரில் தங்கம் வென்றார். அந்த முறை உலகெங்கும் பரவியது. அதற்குத் தடித்த மெத்தை வேண்டும். எதிர்வீரசிங்கத்தின் காலத்தவர் மணற்குழியிலும் காலூன்றி விழலாம். மணலில் பிடரிபட விழ யார் துணிவார்? பின்னர் போர் வந்தது. 1990இல் யாழ்ப்பாணத்துக்கான ரயில் நின்றது. அது மீண்டும் வர 2014 ஆனது. வலிகாமம் வடக்கு மக்கள் 1990இல் இடம்பெயர்ந்தனர். அப்பகுதி பல்லாண்டுகள் உயர்பாதுகாப்பு வலயமாகக் கிடந்தது. எரிபொருளுக்கும் மின்கலத்துக்கும் தடையிருந்த குடாநாட்டில் பாய்தல் மெத்தைக்கு யார் விண்ணப்பிப்பது? மத்திய கல்லூரிக்கு அயலிலுள்ள துரையப்பா விளையாட்டரங்கில் 1999இல் திருத்த வேலைக்காக நிலத்தைத் தோண்டியபோது மனித எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. புதுப்பிக்கப்பட்ட அரங்கு 2016 ஜூனில் திறந்துவைக்கப்பட்டது.

அதற்கு முன்னரே தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியின் மைதானத்தில் ஒரு மாற்றம் தெரியத் தொடங்கியிருந்தது. அங்கே வளர்ந்த அனித்தா ஜெகதீஸ்வரன், பெண்களுக்கான கோலூன்றிப் பாய்தலில் இலங்கைச் சாதனையைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்தார். உயரம் பாய்தலில் இலங்கைச் சாதனை இப்போது எதிர்வீரசிங்கத்தின் எல்லையிலிருந்து வெகு தூரம் போய்விட்டது. 2004இல் மஞ்சுள குமார 2.27 மீற்றர் பாய்ந்தார். 2021இல் உஷான் திவங்க, அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது, 2.30 பாய்ந்தார். அச்செய்தி வந்தபோது எதிர்வீரசிங்கம் உயிரோடிருந்தார். 2024 ஏப்ரலில், 89ஆவது வயதில், அமெரிக்காவில் காலமானார்.