வெயில் காயும் ஊரில் வெயில் பஞ்சம்

காரைக்கால் கடற்கரையில் பங்குனி மாதத்து நடுப்பகலில் நடந்து பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரிந்திருக்கும்: அந்த ஊருக்குச் சூரிய பகவான் ஒரு குறையும் வைக்கவில்லை. 1739-ல் பிரெஞ்சுக்காரர்கள் வந்தபோதும் அதே வெயில்தான். 1954 நவம்பர் முதல் தேதி அவர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்தபோதும் அதே வெயில்தான். கொடிகள் மாறினவே தவிர வெயில் மாறவில்லை.

அந்த ஊரில் என் பெரியம்மா கூடத்தில் வழுக்கி விழுந்தாள். தொடை எலும்பு இடுப்போடு சேருகிற இடத்தில் முறிந்துவிட்டது. ஆபரேஷனுக்கு முன்பு ரத்தத்தைப் பரிசோதித்த டாக்டர், "வைட்டமின் டி மிகவும் குறைவாக இருக்கிறது. அம்மாவுக்கு வெயில் போதவில்லை" என்றார்.

அத்தனை வலியிலும் பெரியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏன் தம்பி, காரைக்காலிலேயா வெயில் பஞ்சம்?" என்று கேட்டாள்.

நானும் சிரித்தேன். பிறகு யோசித்தேன். முற்றத்துக்குக் கூரை போட்டு எத்தனையோ வருஷங்கள் ஆகிவிட்டன. கடைக்குப் போக ஆள் உண்டு. கோவிலுக்குப் போவது விளக்கு வைத்த பிறகு. வெயில் ஊர் மேல் காய்ந்தது. பெரியம்மா மேல் படவில்லை.

இது பழைய கதை. ஜப்பானில் பணிபுரிந்து திரும்பிய பாம் என்ற பாதிரி வைத்தியர், குழந்தைகளின் எலும்பு வளைகிற ரிக்கெட்ஸ் நோய்க்கு வெயிலில்லாமையே காரணம் என்று 1890-ல் எழுதினார். 1919-ல் பெர்லினில் ஹுல்ட்ஷின்ஸ்கி, புற ஊதா விளக்கின் ஒளியைக் காட்டியே அந்த நோயைக் குணப்படுத்தினார். 1922-ல் மக்காலம் மீன் எண்ணெயிலுள்ள சத்தைப் பிரித்தறிந்தார். அதற்குத்தான் 'டி' என்ற எழுத்து கிடைத்தது.

நம் தேசத்தில் இந்தக் குறையின் கொடுமையை அனுபவித்தவர்கள் பெண்கள். காஷ்மீரில் வைத்தியம் பார்த்த காத்லீன் வாகன் என்ற பெண் டாக்டர், கோஷா முறையையும் தாய்மையையும் பற்றி 1928-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். திரைக்குள் வாழ்ந்த பெண்களின் எலும்பு மெழுகு போல் இளகி, இடுப்புக்கூடு நெரிந்து போகும். குழந்தை வெளியே வர வழி இராது. வயிற்றைக் கீறி எடுக்க வேண்டும். பெனிசிலின் மருந்தாக வராத காலத்தில் அது எத்தனை பெரிய ஆபத்து! ஆனால் திறந்த வெளியில் துடுப்புப் போட்டுப் பிழைத்த ஏழைப் படகுக்காரப் பெண்களுக்கு இந்தத் துன்பம் இல்லை என்பதை அந்த டாக்டர் கவனித்தார். அந்தஸ்து திரை போட்டது. அதற்கு விலை கொடுத்தது எலும்பு.

ரண சிகிச்சை டாக்டருக்கு இதில் என்ன அக்கறை? நாம் உண்ணும் சுண்ணாம்புச் சத்தைக் குடல் நன்றாக வாங்கிக்கொள்ள வைட்டமின் டி வேண்டும். அது குறைந்தால், கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் எலும்பிலிருந்து சுண்ணாம்பைக் கடன் வாங்கி ரத்தத்தைச் சரிக்கட்டும். வெளியே ஒன்றும் தெரியாது. தைராய்டு ஆபரேஷனில் அந்தச் சுரப்பிகள் சற்று அடிபட்டால் போதும், கடன் வாங்க ஆள் இல்லாமல் போகும். விரல்கள் மரமரக்கும், கைகால் இழுத்துக்கொள்ளும். ஏற்கனவே வைட்டமின் குறைந்தவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம்.

சரி, ஆபரேஷன் சமயத்தில் மருந்தை நிறையக் கொடுத்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடுமா? ஆஸ்திரியாவில் கிராட்ஸ் நகரத்து டாக்டர்கள், இந்தக் குறையோடு தீவிர சிகிச்சையில் கிடந்தவர்களுக்கு அப்படித்தான் கொடுத்துப் பார்த்தார்கள். 2014-ல் முடிவு வெளியாயிற்று: ஆஸ்பத்திரியில் இருந்த நாட்கள் குறையவில்லை. ரத்தத்தில் அளவு குறைவாக இருப்பது எல்லாக் கோளாறுக்கும் காரணம் என்று சொல்லிவிட முடியாது. சில சமயம் நோயின் நிழலாகவும் இருக்கலாம். எப்படியானாலும், பல வருஷங்களாக மெலிந்த எலும்பு ஒரே நாளில் தேறிவிடாது.

பெரியம்மாவின் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வயதான தோல் வெயிலைக் கொண்டு இந்தச் சத்தைச் செய்வது குறைவு என்பதால் மாத்திரையும் கொடுத்தார்கள். "காலை இளவெயில் போதாது, உச்சிக்குச் சற்று முன்னால் கொஞ்ச நேரம் வெளியே உட்காருங்கள்" என்றும் டாக்டர் சொல்லியனுப்பினார்.

போன வாரம் போயிருந்தேன். மணி பதினொன்று. டாக்டர் சொல்லைத் தட்டாமல் பெரியம்மா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

கையில் குடை விரித்திருந்தது.