பொதுமையும் பண்பும் (தமிழ் இலக்கணம்)

ஒரு பொருளின் இனத்தையும் அதன் பண்பையும் தனிப்பொருளிலிருந்து பிரித்துச் சொல்லும் இலக்கண முறைகள். தமிழில் இவை பெயரின் வடிவாலும் வினைமுற்றாலும் அமைகின்றன.

இனம்: அஃறிணைப் பெயர்கள் பல ஒருமைக்கும் பன்மைக்கும் பொதுவாக நிற்கும். தொல்காப்பியம் இவற்றை அஃறிணை இயற்பெயர் என்கிறது. பிற்காலத்தார் பால்பகா அஃறிணைப் பெயர் என்பர். ‘கொல்லிமலையில் பலா காய்த்தது’ என்றால் ஒரு மரம். ‘காய்த்தன’ என்றால் பல. ‘கொல்லிமலையில் பலா காய்க்கும்’ என்றால் அது எந்தத் தனி மரத்தையும் சுட்டாமல் அம்மலையின் பலா இனத்தையே குறிக்கும்.

காலம்: முக்காலத்துக்கும் உரிய இயல்பைச் ‘செய்யும்’ என்னும் வாய்பாட்டால் சொல்ல வேண்டும் என்பது தொல்காப்பிய வினையியல் விதி. ‘மலை நிற்கும்’ என்பது உரையாசிரியர் காட்டும் சான்று. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்கும் அது பொருந்தும்.

பண்பு: ‘மை’ விகுதி பெற்ற இனிமை, பசுமை போன்றவை பண்புப்பெயர்கள். தாய்மை, ஆண்மை போலப் பெயரிலிருந்தும் இவை பிறக்கும். செயலைப் பெயராக்குவது தொழிற்பெயர்: ‘காய்த்தல்’ காலம் காட்டாது, ‘காய்த்தது’, ‘காய்ப்பது’ காட்டும்.

ஒப்பீடு: தருக்க அடிப்படையில் உருவாக்கப்பட்ட லோஜ்பான் மொழியில் இவற்றுக்குத் தனித்தனிச் சொற்கள் உண்டு. இனத்தின் மாதிரியை ‘லோஹெ’, பண்பை ‘கா’, நிகழ்வை ‘நு’ ஆகியவை குறிக்கின்றன. தமிழில் அவ்வேலையைப் பெரும்பாலும் விகுதிகளே செய்கின்றன.