சங்கம் சேர்ந்த தறியும் தனித்து நின்ற மருத்துவமும்

கமண்டல நாக நதிக்கரையில் அமைந்த ஆரணி, மராட்டிய ஜாகீர்தார்களின் ஆட்சியிலும் 1751இல் ராபர்ட் கிளைவ் நடத்திய போரின் வாயிலாகவும் அரசியல் வரலாற்றில் இடம்பெற்ற ஊராயினும், அதன் அன்றாட வாழ்வைத் தாங்கி நின்றவை பட்டுத்தறிகளே. ஊருக்குள்ளும், சேவூர், முனுகப்பட்டு, ஒண்ணுபுரம், தேவிகாபுரம் முதலிய சுற்றுப்புற ஊர்களிலும் வீட்டுக்கு வீடு குழித்தறி ஓடிய காலத்தில், நெசவு ஒரு குடும்பத்தின் பெயரால் ஒரு கூரைக்குள் நடந்த தொழிலாக இருந்தது. தமிழகத்தின் சிற்றூர்களில் மருத்துவமும் அப்படியே நடந்தது. வைத்தியர் தம் வீட்டுத் திண்ணையிலும், பின்னாளில் டாக்டர் தம் பெயர்ப்பலகை தொங்கிய முன்னறையிலும் தனியாக அமர்ந்தே தொழில் செய்தனர். இவ்விரு தனித்தொழில்களுள் நெசவு இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் கூட்டுறவுச் சங்கங்களாகத் திரண்டுவிட, மருத்துவம் அந்நூற்றாண்டின் இறுதிவரை பெரும்பாலும் தனித்தே நின்றது. நெசவாளர் ஒற்றுமை மிக்கவர், மருத்துவர் தன்னலம் மிக்கவர் என்று இதற்குக் குணவிளக்கம் கூறுவது எளிது. ஆயினும் மூலப்பொருளை யார் வாங்குகிறார் என்ற கேள்வியே இதனை நன்கு விளக்கும்.

பட்டுச்சேலை நெய்யும் குடும்பத்திடம் தறியும் கைத்திறனும் இருந்தாலும், கச்சாப்பட்டு கர்நாடகத்திலிருந்தும் சரிகை சூரத்திலிருந்தும் வர வேண்டியிருந்தது. நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்கும், குறுக்கே செல்லும் ஊடை நூலுக்கும், வெள்ளி இழையில் பொன் முலாம் பூசிய சரிகைக்கும் முன்பணம் போட்டு, சேலை விற்கும் வரை காத்திருக்கும் ஆற்றல் பெரும்பாலான குடும்பங்களுக்கு இல்லை. அதனால் பாவையும் சரிகையையும் கொடுத்து, நெய்த சேலையை வாங்கிக்கொண்டு கூலி தரும் மாஸ்டர் வீவர் எனப்படும் பெருநெசவாளர் இடையில் தோன்றினார். பி. ஜே. தாமஸ் தலைமையில் அமைந்து 1942இல் அறிக்கை அளித்த கைத்தறி உண்மையறியும் குழு, நாடெங்கும் உள்ள நெசவாளரைத் தாமே நூல் வாங்கிச் சேலை விற்பவர், பெருநெசவாளரிடம் கூலிக்கு நெய்பவர், பிறர் பட்டறையில் அமர்ந்து நெய்பவர் எனப் பிரித்துக் காட்டியது. இவ்வகைகளுக்கு இடையிலான எல்லை நிலையானதன்று. ஒரு கல்யாணச் செலவோ நூல் விலையேற்றமோ முதல் வகையினரை இரண்டாம் வகைக்குத் தள்ளிவிடப் போதுமானது.

1904ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டமும், 1935இல் சென்னை மாகாணத்தில் தொடங்கப்பட்டு இன்று கோ-ஆப்டெக்ஸ் என அறியப்படும் தலைமைச் சங்கமும், மில் துணி மீது வரி விதித்து அந்தப் பணத்தைக் கைத்தறிக்குத் திருப்பிய 1953ஆம் ஆண்டின் சட்டமும் பெருநெசவாளரின் இடத்தில் சங்கத்தை அமர்த்துவதற்கான வழியைப் படிப்படியாக அமைத்தன. பட்டுக்கென 1971இல் தமிழ்நாடு சரிகை நிறுவனமும், 1980இல் டான்சில்க் எனப்படும் பட்டு உற்பத்தியாளர் கூட்டுறவு இணையமும் காஞ்சிபுரத்தில் நிறுவப்பட்டபோது, சரிகையும் நூலும் பொதுவழியில் கிடைக்கும் ஏற்பாடு ஓரளவு நிறைவு பெற்றது. கூலியில் ஒவ்வொரு ரூபாய்க்கும் 8 காசு பிடித்து, அரசு 4 காசு சேர்த்து வைக்கும் சேமிப்பு, பாதுகாப்புத் திட்டமும் 1975 முதல் சங்க உறுப்பினருக்கு உரியதாயிற்று.

எனினும் இந்த இணைப்பில் எது இணைந்தது, எது இணையவில்லை என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நூல் கொள்முதல், சேலை விற்பனை, கடன், தள்ளுபடி, சேமிப்பு ஆகியவை ஒரே பேரேட்டுக்கு வந்தன; தறியோ வீட்டை விட்டு அசையவில்லை. உடலையும் கரையையும் வெவ்வேறு வண்ணத்தில் நெய்து இழைக்கு இழை பூட்டும் கோர்வை வேலையில் இரண்டாவது ஆளாக அமர்ந்தவர் முன்பு போலவே மனைவியோ மகனோதான். சங்கத்தில் நூல் வராத மாதங்களில் தனியாரின் பாவை ஏற்றும் வழக்கமும் நீடித்ததால், பெருநெசவாளர் மறைந்துவிடவில்லை. கூட்டுறவின் தோல்வியாகவே இது பெரும்பாலும் எழுதப்படுகிறது. ஆனால் தறியை வீட்டில் வைத்துக்கொள்ள முடிந்ததாலேயே அத்தனை குடும்பங்கள் சங்கத்தில் சேர இசைந்தன என்பதும் அதே அளவு உண்மை.

மருத்துவரின் நிலை வேறு. அவருடைய முதல், படிப்பும் கைராசி என்று ஊர் சொல்லும் நம்பிக்கையும்தான். ஸ்டெதஸ்கோப்பும் ஊசியும் சில மருந்துப் புட்டிகளும் கடன் கேட்கும் பொருள்கள் அல்ல. அரசின் போக்கும் தனித்தொழிலையே வளர்த்தது. 1914ஆம் ஆண்டின் சென்னை மருத்துவப் பதிவுச் சட்டம் தனிமருத்துவரைப் பெயர்பெயராகப் பட்டியலிட்டது. பனகல் அரசரின் நீதிக்கட்சி அமைச்சரவை 1924இல் தொடங்கிய கிராம மருத்துவத் திட்டமோ, மருத்துவர் ஒருவருக்கு மானியம் தந்து, ஏழைகளுக்கு இலவசமாகவும் பிறருக்குக் கட்டணத்துடனும் சிகிச்சை செய்யுமாறு சிற்றூரில் குடியமர்த்தியது. நெசவாளரைச் சேருங்கள் என்று சொன்ன அதே அரசு மருத்துவரைப் பரவுங்கள் என்று சொன்னதில் முரண்பாடு இல்லை. ஒருவரிடம் சேலை தேங்கியது. மற்றவர் நகரத்தில் தேங்கினார்.

மருத்துவர் கூடித் தொழில் செய்யும் முறை ஆரணிக்குத் தொலைவில் இல்லாத வேலூரிலேயே உருவாகியிருந்தது. 1900இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையுடன் தொடங்கிய மருந்தகம், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாகவும், பின்னர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியாகவும் வளர்ந்தது. அங்கு மருத்துவர்கள் தனித்தொழில் செய்யாமல் சம்பளத்திற்குப் பணியாற்றினர். மருத்துவர் கூடித் தொழில் செய்யும் இம்முறைக்கு அமெரிக்காவின் மேயோ சகோதரர்கள் வணிக அடிப்படையிலேயே அடித்தளமிட்டனர். அவர்களுடன் பணியாற்றிய ஹென்றி பிளம்மர் 1907இல், ஒவ்வொரு மருத்துவரும் தனித்தனியே வைத்திருந்த பதிவேடுகளை ஒழித்து, நோயாளி ஒருவருக்கு ஒரே கோப்பு என்ற முறையைக் கொண்டுவந்தார். 1919இல் மேயோ சகோதரர்களின் மருத்துவ நிறுவனச் சொத்துகள் லாப நோக்கற்ற அமைப்புக்கு மாற்றப்பட்டன. கட்டடம் கட்டுவதைக் காட்டிலும் இந்த ஒற்றைக் கோப்பே உண்மையான இணைப்பு எனலாம். சங்கம் சேர்வதை மருத்துவ உலகம் எளிதில் பொறுத்துக்கொள்ளவும் இல்லை. 1937இல் வாஷிங்டனில் அரசு ஊழியர் தொடங்கிய குழு மருத்துவச் சங்கத்தின் டாக்டர்களை மருத்துவமனைகளுக்குள் விடாமல் தடுத்த அமெரிக்க மருத்துவச் சங்கம், வணிகத் தடைக் குற்றத்திற்காகத் தண்டிக்கப்பட்டது. 1943இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்தது.

தமிழகத்துத் தனிமருத்துவரை அசைத்தவை சட்டமோ கொள்கையோ அல்ல, இயந்திரங்கள். ஸ்கேன் கருவி, டயாலிசிஸ், தீவிர சிகிச்சைப் பிரிவு ஆகியவை சரிகையைப் போல ஒருவர் கைப்பணத்துக்கு எட்டாதவையானபோது, 1983இல் சென்னையில் தொடங்கிய அப்பல்லோவைப் போன்ற நிறுவனங்கள் தோன்றின. 1999இல் திருச்சியில் மருத்துவர் சிலர் சேர்ந்து சிறிய அளவில் தொடங்கிய காவேரி மருத்துவமனையைப் போல, மருத்துவர்களே கூடிய முயற்சிகளும் எழுந்தன. பெருநெசவாளர் வகித்த இடத்தை இங்கு முதலீட்டாளர் வகிக்க, தம் பெயரையும் தம்மைத் தேடி வரும் நோயாளிகளையும் வைத்துக்கொண்டு, கருவிக்காக மட்டும் பிற நிறுவனத்தோடு சேரும் மருத்துவர், தறியை வீட்டில் வைத்துக்கொண்ட நெசவாளரின் கணக்கையே போட்டார்.

இவ்விரு தொழில்களும் நேரடியாகச் சந்தித்த இடம் காப்பீடு. 2005இல் மத்திய அரசு தொடங்கிய கைத்தறி நெசவாளர் மருத்துவக் காப்பீடு, கணவன், மனைவி, இரு குழந்தைகள் அடங்கிய குடும்பத்துக்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய் வரை வழங்கியது. புறநோயாளியாகப் பார்க்கும் செலவும் அதில் ஒரு பகுதி வரை அடங்கியதால், தெருமுனை டாக்டரிடம் காட்டிய பற்றுச்சீட்டுக்கும் அதில் இடமிருந்தது. 2009இல் தமிழக அரசு கொண்டுவந்த கலைஞர் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அறுவை முதலிய பெரிய சிகிச்சைகளுக்கு வழிசெய்தபோது, பட்டியலில் இடம்பெற்ற மருத்துவமனைகளுக்கே அப்பணம் சென்றது. தனியாக அமர்ந்து காய்ச்சல் பார்க்கும் மருத்துவரின் கட்டணத்தை நெசவாளர் தம் கூலியிலிருந்தே கொடுத்துவந்தார்.