நிலவிற் சேமித்த ஏடுகள்

மனிதன் சந்திரனுக்கு அனுப்பிய முதல் எழுத்து எது? ஒரு நாட்டின் பெயரும், ஒரு மாதமும், ஓர் ஆண்டுமே. 1959 செப்டெம்பரில் சோவியத்து நாட்டின் லூனா 2 சந்திரனில் மோதியபோது, ஐங்கோண உலோகத் தகடுகளாலான கோளங்களை உடன்கொண்டு சென்றது. நாட்டின் பெயரும் காலமும் அத்தகடுகளிற் பொறிக்கப்பட்டிருந்தன. மோதிய வேகத்தில் அவை எஞ்சினவா, உருகி ஆவியாயினவா என்பதை எவரும் சென்று பார்க்கவில்லை. சந்திரனில் ஆவணம் வைக்கும் வரலாறு, வைத்ததை எவரும் படிக்க இயலாத நிலையிலேயே தொடங்கிற்று.

அடுத்தது 1969. அப்பலோ 11 வீரர் விட்டுவந்த சிலிக்கன் வட்டில் 73 நாடுகளின் தலைவர்கள் விடுத்த வாழ்த்துரைகள், 200 மடங்கு சுருக்கிப் பொறிக்கப்பட்டிருந்தன. ஒரு பெரிய நாணயத்தின் அளவே அது. அல்டிரின் ஏணியில் ஏறிவிட்ட பின்னர் ஆம்ஸ்ரோங் நினைவூட்டவே, வட்டிருந்த பொதி அவசரமாகக் கீழே எறியப்பட்டது. உலக நாடுகளின் நல்வாழ்த்து மறதிக்கு இரையாகாமல் தப்பியது மயிரிழையிலேதான்!

இவ்விரண்டும் அரசுகள் செய்தவை. அரை நூற்றாண்டின் பின் நிலைமை மாறிற்று. 2019 ஏப்பிரல் 11 அன்று, இஸ்ரேலில் தனியார் கொடையால் உருவாகிய பெரெஷீற் விண்கலம் சந்திரனில் விழுந்து நொருங்கியது. அதிலே 25 மெல்லிய நிக்கல் தகடுகளாலான ஒரு நூலகம் இருந்தது. மூன்று கோடிப் பக்கங்கள் கொண்டது. மேலுள்ள தகடுகளில் நூற்பக்கங்களின் உருவங்களே நுணுக்கிப் பொறிக்கப்பட்டிருந்தமையால் உருப்பெருக்கி ஒன்றிருந்தாற் படிக்கலாம். ஆனால், 2025 மார்ச் 6 அன்று அத்தீனா என்னும் கலம் கொண்டுசென்ற பெட்டி வேறு வகையினது. புளோரிடாவின் லோன்ஸ்ரார் நிறுவனத்துக்குரிய அப்பெட்டி ஒரு தடித்த நூலின் அளவே; கொள்ளளவோ 8 ரெராபைட்டு. போகும் வழியிற் சோதனைகள் வெற்றியளித்தன என நிறுவனம் அறிவித்தது. தென்முனைக்கு அண்மையில் இறங்கிய கலமோ ஒரு பள்ளத்திற் பக்கவாட்டிற் சாய்ந்தது. சூரியத் தகடுகளுக்கு வெயில் போதவில்லை; மறுநாளே அதன் பணி முடிவுற்றது.

இம்முயற்சியை வீண்பகட்டு என ஒதுக்கிவிட நாம் விரும்பவில்லை. போரும் வெள்ளமும் தீயும் புவியிலுள்ள ஆவணங்களை அழிப்பது உண்மை. சந்திரனில் மழையில்லை, துருவில்லை, கறையானுமில்லை. ஏட்டுச்சுவடிகளைச் செல்லுக்குப் பறிகொடுத்த இனத்தவராகிய எமக்கு இது சிறிய செய்தியன்று. அங்குள்ள சில ஆழ்குழிகளின் நிழலில் வெப்பநிலை ஏறக்குறைய 17 பாகை செல்சியசில் மாறாது நிற்கிறது என 2022 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது.

ஆயினும், திறந்த நிலத்தில் பகல் வெப்பம் 120 பாகையை எட்டும். இரவுக் குளிர் சுழியத்துக்குக் கீழே 130 பாகையையும் கடக்கும். அவ்விரவு எமது கணக்கில் ஏறத்தாழ இரண்டு வாரங்கள் நீடிக்கும். காற்றும் காந்தப்புலமும் காவாத அந்நிலத்தில் அண்டக்கதிர்கள் மின்னணு நினைவகத்தைத் தாக்கும். பழுதுபார்க்க ஆளில்லை. 384,400 கிலோமீற்றருக்கு அப்பால் அனுப்பும் வினாவுக்கு விடை திரும்ப இரண்டரை விநாடிக்கு மேலாகும். அது பொறுக்கக்கூடியதே. ஆனால் விடை தருவதற்கு அங்கே மின்சாரம் இருத்தல் வேண்டும். நாம் பல்கலைக்கழகத்திற் பயின்ற நாளில் இறுவட்டிற் பதிந்த குறிப்புகளைப் படிப்பதற்கே இன்று எமது வீட்டில் இயந்திரமில்லை.

இதனினும் கனமான வினா ஒன்றுண்டு. 1967 ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கை, சந்திரன் எந்த நாட்டுக்கும் உடைமையாகாது என்கிறது. அதே உடன்படிக்கை, ஏவப்பட்ட கலத்தின் மீதான அதிகாரம் அதனைப் பதிவுசெய்த நாட்டுக்கே உரியது என்றும் விதிக்கிறது. நிலம் எவருக்கும் உரியதன்று. பெட்டிக்கோ எசமானர் உண்டு. சிறிய நாடொன்று தன் ஆவணங்களை அங்கே வைக்குமாயின், அவற்றின் திறவுகோல் வல்லரசொன்றின் சட்டத்துள் அடங்கும். கலமேற்றும் கட்டணத்தைக் கொடுக்கவியலாத மக்களின் நினைவுகளுக்கோ அங்கு இடமேயில்லை. எது காக்கப்பட வேண்டியது என்பதைப் பணம் தீர்மானிப்பதையே நாம் எதிர்க்கிறோம்.

1981 யூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, 97,000 நூல்கள் வரை சாம்பராயின. பிறவிடத்தில் ஒரு படியேனும் இருந்த நூல்கள் பின்னர் மீண்டன. அங்கே மட்டும் இருந்தவை மீளவில்லை. சுவடிகளைப் படியெடுத்தவர்களும், அவற்றை அச்சிலேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோரும் சேமிப்புக்காக எட்டாத இடத்தைத் தேடவில்லை. பலருடைய வீட்டுக்கு நூலை அனுப்பினார்கள். 2005 இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம முயற்சியும் அவ்வழியிலேதான் செல்கிறது. அங்கு ஏற்றப்பட்ட பழைய சஞ்சிகைகளை எமது மாணவர் கைப்பேசியிற் படிக்கின்றனர். சிலர் தமக்கென ஒரு படி இறக்கியும் வைத்திருக்கின்றனர்.