‘ஓய்வு நேரம்’ என்னும் பெயர்: தமிழகப் பெண்களின் ஊசிவேலையும் இல்லறக் காலமும் – பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பெண்கள் வீட்டிலிருந்தபடி செய்யும் தையல், பின்னல், ஒட்டுத்தையல் ஆகியவை ‘ஓய்வு நேர வேலை’ என்றே நெடுங்காலமாகக் குறிக்கப்பட்டு வருகின்றன. இப்பெயர் எவ்வாறு உருவானது, அது அவ்வேலையின் மதிப்பை எவ்வாறு பாதித்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. சங்க இலக்கியக் குறிப்புகள், நாகர்கோவில் – இடையன்குடி சரிகைப்பின்னல் வரலாறு, நரசாபூர், அகமதாபாத் ஆய்வுகள், தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புகள் ஆகியவற்றின் துணையுடன் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் வீட்டுத்தையல் சூழல் நோக்கப்படுகிறது. ஊசிவேலைக்கான நேரம் இல்லறத்தில் மிஞ்சிக் கிடந்ததன்று, பெண்கள் பிற பணிகளுக்கிடையே உருவாக்கிக்கொண்டது என்பது இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: ஊசிவேலை, லேஸ் பின்னல், கந்தை, வீடுசார் உழைப்பு, நேரப் பயன்பாடு, பெரம்பலூர், அரியலூர்.

முன்னுரை

தமிழக நெசவு வரலாறு விரிவாக எழுதப்பட்டுள்ளது. கல்வெட்டுகள், வணிகக் குழுக்கள், கிழக்கிந்தியக் குழுமத்தின் ஆவணங்கள் என அதற்குச் சான்றுகள் பல. நெய்த துணி வீட்டுக்குள் நுழைந்தபின் அதைத் தைத்தவர், ஒட்டுப்போட்டவர், பழஞ்சேலைகளை அடுக்கி விரிப்பாக்கியவர் பற்றிய வரலாறு மிகக் குறைவு. இதற்கு இரு காரணங்களைக் கூறலாம். முதலாவது, அப்பொருள்கள் தேய்ந்து அழியும் வரை பயன்படுத்தப்பட்டன. காட்சியகத்துக்கு வந்து சேரவில்லை. இரண்டாவது, அவ்வேலை தொழிலாகக் கருதப்படவில்லை; சமையலுக்கும் பிள்ளை வளர்ப்புக்கும் இடைப்பட்ட பொழுதுபோக்காகக் கருதப்பட்டது. இவ்விரண்டாம் காரணமே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள்.

துன்னலும் கந்தையும்

தைத்தலைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல் ‘துன்னல்’ என்பதாகும். பொருநராற்றுப்படையில் வறுமையுற்ற பொருநன் அணிந்திருந்த, பல இடங்களில் தைத்து ஒட்டிய ஆடையைச் சுட்ட இச்சொல் பயில்கிறது. சிலப்பதிகாரம் புகார் நகரில் வாழ்ந்த தொழிலாளர் வரிசையில் துன்னகாரரைக் குறிப்பிடுகிறது. ஆக, தையல் நகரத்தில் ஒரு தொழிற்பெயராகவும் வறியோர் வாழ்வில் ஒரு தேவையாகவும் ஒரே காலப்பரப்பில் இருந்துள்ளது. தொழிற்பெயர் பெற்றவர் பதிவாகியுள்ளனர். பொருநனின் கந்தையைத் தைத்த கை பதிவாகவில்லை.

நூல் நூற்ற பெண்களோ சங்கப் பாடல்களில் தெளிவாகத் தென்படுகின்றனர். நற்றிணையின் 353ஆம் பாடல் ஆடவர் துணையற்ற பெண்டிர் தம் முயற்சியால் நூற்ற நுண்ணிய நூலைக் காட்டுகிறது. புறநானூற்றின் 326ஆம் பாடலில் வரும் பருத்திப் பெண்டு, பருத்தியின் கழிவுகளைப் புடைத்து நீக்க இரவில் எழுகிறாள். அவளுடைய சிறு விளக்கின் ஒளி பாடலில் இடம்பெறுகிறது. பகலின் பணிகள் முடிந்தபின், உறங்க வேண்டிய நேரத்தில் நிகழும் உழைப்பு இது. இதனை ஓய்வு நேர வேலை என்பது பொருந்தாது.

‘கந்தை’ என்னும் சொல்லும் கருதத்தக்கது. இச்சொல் வடமொழிக் ‘கந்தா’வோடு தொடர்புடையது. அச்சொல்லின் வங்காள வடிவமான ‘காந்தா’, பழஞ்சேலைகளை அடுக்கி நேர்த்தையலிட்டு உருவாக்கப்படும் போர்வையைக் குறிக்கும். வங்காளத்தில் குருசதய தத் போன்றோர் அவற்றைத் திரட்டினர். ஸ்டெல்லா கிராம்ரிஷ் 1939இல் அவை பற்றி எழுதினார். இன்று அவை காட்சியகங்களில் கலைப்பொருள்களாக உள்ளன. தமிழில் அதே சொல் கிழிந்த துணி என்ற பொருளோடு நின்றுவிட்டது. தமிழக வீடுகளிலும் பிள்ளைக்கும் முதியோர்க்கும் பழஞ்சேலை விரிப்புகள் தைக்கப்பட்டன. ஆயினும் அவற்றைத் திரட்டிய முயற்சி காந்தாவுக்கு நேர்ந்த அளவில் இங்கு நிகழவில்லை.

நாகர்கோவிலும் இடையன்குடியும்

வீட்டு ஊசிவேலை சந்தையோடு இணைந்த முதன்மையான தமிழக நிகழ்வு, அன்றைய திருவிதாங்கூர் ஆட்சிப்பகுதியான நாகர்கோவிலில் நிகழ்ந்தது. இலண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த சார்லஸ் மால்ட், மார்த்தா மால்ட் இணையர் 1819இல் அங்கு வந்தனர். பெண்கள் உறைவிடப் பள்ளியில் மார்த்தா மால்ட் 1820களின் தொடக்கத்தில் லேஸ் பின்னலைக் கற்பித்தார். திண்டின்மேல் வடிவத்தாளை விரித்து, குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் பின்னும் முறை அது. அவர்தம் மகள் எலைசா, 1844இல் இராபர்ட் கால்டுவெல்லை மணந்து திருநெல்வேலிப் பகுதியிலுள்ள இடையன்குடிக்குச் சென்றபின், அங்கும் பெண்கள் பள்ளியும் லேஸ் பின்னலும் வேரூன்றின.

இதில் இரு நோக்கங்கள் ஒருங்கே செயல்பட்டன. ஒன்று வருவாய். பள்ளியில் பயின்ற மாணவியருள் அடிமைக் குடும்பங்களைச் சேர்ந்தோர் இருந்தனர்; லேஸ் விற்ற பணத்தைக் கொண்டு சிலர் விடுதலை பெற்றனர். திருவிதாங்கூரில் அடிமை முறை 1855இல்தான் அரசாணையால் ஒழிக்கப்பட்டது என்பதை நோக்க, இவ்வருவாயின் பொருள் விளங்கும். மற்றொன்று இல்லற நெறி. ஊசி பிடித்த பெண் அடக்கமும் தூய்மையும் பொறுமையும் உடையவளாவாள் என்பது அக்கால ஐரோப்பிய நடுத்தர வகுப்பின் நம்பிக்கை. எலைசா கென்ட் ‘கன்வெர்ட்டிங் விமன்’ (2004) என்னும் நூலில் மதமாறிய சமூகங்களின் மதிப்புத் தேட்டத்தோடு இதனை இணைத்துக் காட்டுகிறார். நல்ல இல்லத்தரசியை உருவாக்க எண்ணிய மிஷன், கூலி பெறும் பெண் தொழிலாளர் திரளை உருவாக்கியது என்னும் முரணை ஜேன் ஹேகிஸ் திருவிதாங்கூர் பற்றிய ஆய்வில் (1998) சுட்டுகிறார்.

இம்முரணைத் தீர்த்துவைத்த சொல்லே ‘ஓய்வு நேரம்’ எனலாம். திருமணமான பெண் வீட்டில் பின்னுவதை ஓய்வு நேர வேலை என்று அழைத்தால், அவள் கூலியாளும் ஆகாள். இல்லத்தரசி நிலையும் குலையாது. பின்னலின் தன்மையும் இதற்கு இடந்தந்தது. திண்டை ஓரமாக வைத்துவிட்டுக் குழந்தையை எடுக்கலாம். அடுப்பை அணைத்துவிட்டு மீண்டும் வந்து அமரலாம். வெண்ணூலில் கறை படியாதிருக்க ஒவ்வொரு முறையும் கைகழுவித் துடைக்க வேண்டும் என்பதும், இடையில் விட்ட கண்ணியை மீண்டும் கண்டெடுக்க நேரம் செல்லும் என்பதும் கூலிக்கணக்கில் வரவில்லை.

பள்ளிப்பாடமும் தையல் இயந்திரமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஊசிவேலை பெண்கள் பள்ளிகளின் பாடமாயிற்று. தையல் ஆசிரியர் பணியிடமும், ஊசிவேலைக்கும் ஆடை தயாரிப்புக்குமான அரசுத் தொழில்நுட்பத் தேர்வுகளும் அம்மரபின் தொடர்ச்சியாகத் தமிழகத்தில் நிலைத்துள்ளன. 1870களிலிருந்து சிங்கர் தையல் இயந்திரங்கள் இந்தியச் சந்தைக்கு வந்தன. தவணை முறை அவற்றின் பரவலுக்கு உதவியது. 1930களில் உஷா என்னும் உள்நாட்டு இயந்திரமும் தோன்றியது. டேவிட் ஆர்னால்டு ‘எவ்ரிடே டெக்னாலஜி’ (2013) நூலில் இவ்வியந்திரத்தின் இந்தியப் பயணத்தை விரிவாக ஆராய்ந்துள்ளார். கடைத்தெருவில் அது ஆடவரின் கருவி. வீட்டுக்குள் பெண்ணின் கருவி. ஒரே இயந்திரத்தில் ஒரே சட்டையைத் தைத்தாலும் முன்னது தொழில் என்றும் பின்னது கைவேலை என்றும் பெயர் பெற்றன.

நரசாபூரும் அகமதாபாதும்

ஓய்வு நேரம் என்னும் பெயரின் பொருளியல் விளைவை முதலில் முறையாக அளந்தவர் மரியா மீஸ். ஆந்திரத்தின் மேற்குக் கோதாவரி மாவட்டத்திலுள்ள நரசாபூரில் கொக்கி ஊசியால் குரோஷே லேஸ் பின்னும் பெண்களை ஆராய்ந்து, ‘தி லேஸ் மேக்கர்ஸ் ஆஃப் நரசாபூர்’ (1982) என்னும் நூலை அவர் வெளியிட்டார். அப்பெண்கள் நாள்தோறும் ஆறு முதல் எட்டு மணி நேரம் பின்னினர். வீட்டுப்பணி அதற்கு மேற்பட்டது. அவர்கள் பின்னியவை அயல்நாடுகளுக்கு ஏற்றுமதியாயின. வணிகரின் பார்வையிலும் அரசுக் கணக்கிலும் அவர்கள் ஓய்வைப் பயனுள்ளதாக்கும் இல்லத்தரசிகளாகவே இருந்தனர். ‘இல்லத்தரசியாக்கம்’ என்று மீஸ் பெயரிட்ட இந்நிகழ்வு, குறைந்த கூலிக்கு ஒரு கொள்கை நியாயத்தை வழங்கியது.

ஒட்டுத்தையலுக்கு அகமதாபாத் சிறந்த சான்று. ஆலைகளின் கழிவுத் துண்டுகளை வாங்கி, தரியாப்பூர்ப் பகுதியின் இசுலாமியப் பெண்கள் வீட்டிலேயே போர்வை உறைகளைத் தைத்தனர். 1970களின் பிற்பகுதியில் சேவா அமைப்பின் துணையுடன் வணிகர்களிடம் கூலி உயர்வு கோரிய அவர்கள், பின்னர்ச் சபீனா என்னும் கூட்டுறவை அமைத்தனர். இளா பட் தலைமையிலான குழுவின் ‘சிரமசக்தி’ அறிக்கை (1988) வீடுசார் தொழிலாளரைத் தொழிலாளராக ஏற்கக் கோரியது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1996இல் வீட்டுவேலைத் தொழில் குறித்த 177ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. இந்தியா அதற்கு இன்னும் ஏற்பளிக்கவில்லை.

பெரம்பலூர், அரியலூர்

திருச்சிராப்பள்ளியிலிருந்து 1995இல் பெரம்பலூரும், பெரம்பலூரிலிருந்து 2007இல் அரியலூரும் தனி மாவட்டங்களாயின. பெரம்பலூரின் கரிசல் மானாவாரி நிலத்தில் பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம் ஆகியவை விளைகின்றன. வேப்பந்தட்டையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் உள்ளது. அரியலூர் சுண்ணாம்புக்கல்லுக்கும் சிமெண்டு ஆலைகளுக்கும் பெயர் பெற்றது. ஜெயங்கொண்டம் வட்டாரத்தில் கைத்தறி நெசவுக் குடும்பங்கள் வாழ்கின்றன. பருத்தி எடுத்தல், களை பறித்தல், வெங்காயம் ஆய்தல் ஆகியவை பெரிதும் பெண்களின் பணிகள். தறிவீட்டில் தார் சுற்றுதலும் பாவுக்கு உதவுதலும் பெண்களைச் சேர்ந்தவை. கூலியோ நெய்தவர் பெயரில் ஒருமுறை வழங்கப்படும். பருத்தியும் தறியும் ஒருங்கேயுள்ள இந்நிலப்பகுதியில், ஊசிவேலை முழுநாளாக அமர்ந்து செய்யும் பணியாக வளர வாய்ப்புக் குறைவு. அது வயலுக்கும் அடுப்புக்கும் இடையில் நுழைய வேண்டியிருந்தது.

பிற மாவட்டங்களைப் போன்றே இங்கும் வீட்டுத்தையலை இயக்கும் பெரிய அமைப்பு அரசே ஆகும். சத்துணவுத் திட்டத்தில் பயனடையும் மாணவர்க்கு ஆண்டுக்கு நான்கு இணைச் சீருடைகள் வழங்கப்படுகின்றன. சமூக நலத்துறையின் கீழுள்ள மகளிர் தையல் தொழிற்கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர்கள் அவற்றைத் தைக்கின்றனர். வெட்டிய துணி கட்டுகளாக வீட்டுக்கு வருகிறது. தைத்த உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி அமைகிறது. சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டமும் கைம்பெண்கள், கணவரால் கைவிடப்பட்டோர் உள்ளிட்டோர்க்கு இயந்திரம் வழங்குகிறது.

இவ்வேற்பாட்டின் நன்மை மறுக்கற்பாலதன்று. இடைத்தரகரின்றிக் கூலி கிடைக்கிறது. பெண் சங்க உறுப்பினராகப் பதிவு பெறுகிறாள். ஆயினும் காலத்தின் சுமை வேறு. முதல் இணைச் சீருடை ஜூனில் பள்ளி திறக்கும்போது தேவைப்படுவதால் தையல் நெருக்கடி கோடையில் கூடுகிறது. மானாவாரி நிலத்தில் பருத்தி எடுப்பு முடிந்து வயல்வேலை குறையும் மாதங்கள் அவை என்பதால் இது பொருத்தமாகத் தோன்றும். அவையே பிள்ளைகள் விடுமுறையில் வீட்டிலிருக்கும் மாதங்களும், தண்ணீருக்கு அலைய நேரும் மாதங்களும் ஆகும். லேஸ் திண்டைப் போல் இயந்திரத்தை மடியில் தூக்கிச் செல்ல இயலாது. வெளிச்சம் வரும் வாயிலருகே அது நிலையாக நிற்கிறது. பெண்தான் அடுப்புக்கும் அதற்கும் இடையே நடக்கிறாள். உருப்படிக் கூலி தைத்த நிமிடங்களுக்கே ஈடாகிறது; விட்டுவிட்டுத் தைப்பதன் இழப்பை அவளே ஏற்கிறாள்.

கணக்கில் வரும் நேரமும் வாரா நேரமும்

இந்தியாவின் முன்னோடி நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு 1998–99இல் ஆறு மாநிலங்களில் நடந்தது. தமிழ்நாடு அவற்றுள் ஒன்று. நாடு தழுவிய முதற் கணக்கெடுப்பு 2019இல் நடந்தது. ஊதியமற்ற வீட்டுப்பணியில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களையும், ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடங்களையும் அதற்குச் செலவிட்டனர். 2024 கணக்கெடுப்பில் இவை முறையே 289, 88 ஆயின. ஐந்தாண்டு இடைவெளியில் பெண்ணின் பங்கு பத்து நிமிடம் குறைந்தது. ஆணின் பங்கு உயரவில்லை, அதுவும் ஒன்பது நிமிடம் குறைந்தது.

இக்கணக்கெடுப்பின் முறையும் கவனத்துக்குரியது. 2019இல் நாள் அரைமணிக் கூறுகளாகப் பகுக்கப்பட்டு, ஒரு கூறில் பத்து நிமிடத்துக்குக் குறையாத மூன்று செயல்கள் வரை பதியப்பட்டன. உலை கொதிக்கும்வரை ஐந்து நிமிடம் கைமடிப்புத் தைப்பதும், பிள்ளை உறங்கியபின் பொத்தான் கட்டுவதும் இவ்வலையின் கண்களில் சிக்குவதில்லை. ஊசிவேலையின் இயல்பான கால அளவே இத்துணுக்குகள் என்பதால், மிகப் பயனுள்ள இக்கணக்கெடுப்பிலும் அது குறைத்தே பதிவாகும்.

முடிவுரை

வீட்டுப்பணியின் மதிப்பு அண்மைக் காலத்தில் தமிழகத்தில் பொதுப்பேச்சாகியுள்ளது. 2023 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம், குடும்பச் சொத்து உருவாக்கத்தில் மனைவியின் வீட்டுழைப்பும் பங்களிப்பே என ஏற்றது. அவ்வாண்டு செப்டம்பரில் தொடங்கிய மாதம் 1,000 ரூபாய்த் தொகைக்கு ‘மகளிர் உரிமைத் தொகை’ என்னும் பெயர் இடப்பட்டது. இரண்டிலும் ‘உதவி’ என்னும் நோக்கு ‘உரிமை’ என மாறியுள்ளது.

அத்தகைய மாற்றம் ஊசிவேலைக்கும் தேவை. பருத்திப் பெண்டின் சிறுவிளக்கு முதல் பெரம்பலூர்ச் சிற்றூரின் வாயிலருகே நிற்கும் இயந்திரம் வரை, பெண்கள் இவ்வேலைக்கான நேரத்தை உறக்கத்திலிருந்தும் உணவு இடைவேளையிலிருந்தும் எடுத்துள்ளனர். அதனால் சிலர் விடுதலை பெற்றனர். பலர் குடும்பம் காத்தனர். தம் கைத்திறனில் மகிழ்ந்தோரும் உண்டு. உருப்படிக் கூலியை வகுக்கும்போது இடையீட்டு நேரத்தையும் கருதுதல், சங்க உறுப்பினர்களின் பணிநேரத்தைத் தனியே ஆராய்தல், எஞ்சியுள்ள பழஞ்சேலை விரிப்புகளைத் தைத்தவர் வாய்மொழியோடு ஆவணப்படுத்தல் ஆகியவை உடனடியாகச் செய்யத்தக்கவை. விரிப்புகள் ஆண்டுதோறும் தேய்கின்றன. தைத்தவர்கள் முதுமை அடைகின்றனர். இவ்வாவணப்படுத்தலைப் பெரம்பலூர், அரியலூர் மாவட்டக் கல்லூரிகளின் வரலாற்று, தமிழ்த் துறைகள் தம் ஊர்களிலிருந்தே தொடங்க இயலும்.