கொடைக்கானல் மிஷனரிக் கோடை முகாம்

பழனி மலைத்தொடரில் ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில், 1845-ஆம் ஆண்டு அமெரிக்க மதுரை மிஷன் அமைத்த ஓய்விடமே இந்த முகாம். இன்றைய கொடைக்கானல் ஊர் இதிலிருந்துதான் முளைத்தது. இந்தியாவின் பெரும்பாலான மலைவாசத் தலங்களை ஆங்கிலேய அதிகாரிகளும் படையினரும் உண்டாக்கினார்கள். இதற்கு வித்திட்டவர்களோ சபை ஊழியத்துக்கு வந்த அமெரிக்கக் குடும்பங்கள்.

ஆட்களற்ற காட்டில் வந்து இவர்கள் குடியேறவில்லை. வில்பட்டியிலும் பூம்பாறையிலும் குன்னுவர்கள் படிக்கட்டு வயல் வெட்டி வெள்ளாமை செய்துகொண்டிருந்தார்கள். பளியர்களும் புலையர்களும் இந்த மலையையே வீடாகக் கொண்டு வாழ்ந்தார்கள். 1821-இல் நில அளவைக்காக வந்த லெப்டினன்ட் வார்டு இப்பகுதியைப் பதிவு செய்தார். 1834-இல் மதுரையின் துணை ஆட்சியர் ராட்டன் தேவதானப்பட்டி வழியாக ஏறிவந்து, செண்பகனூர் அருகே ஒரு பங்களா கட்டினார்.

அதே 1834-இல்தான் யாழ்ப்பாணத்தில் இயங்கிவந்த அமெரிக்க மிஷன், மதுரையில் ஊழியம் தொடங்கியது. வந்தவர்களைக் காலராவும் காய்ச்சலும் விட்டுவைக்கவில்லை. இளம் மனைவிகளும் கைக்குழந்தைகளும் மாண்டார்கள். முதலில் பக்கத்திலிருந்த சிறுமலைக்குப் போனார்கள். அங்கேயும் காய்ச்சல் விடவில்லை. அதன் பிறகே பழனி மலைக்குத் திரும்பினார்கள். 1845 ஜூனில் தொடங்கி அக்டோபருக்குள் ‘சன்னிசைடு’, ‘ஷெல்டன்’ என்ற இரண்டு பங்களாக்கள் எழுந்தன. கொடைக்கானலைப் பலரும் உல்லாசத்துக்காகப் பிறந்த ஊர் என்று நினைக்கிறார்கள். சாவுக்குப் பயந்து ஏறிவந்தவர்கள் போட்ட கடைக்கால் இது.

பங்களாக்களுக்கு மேலே நின்ற குன்றுக்கு நேபோ என்று பெயர் வைத்தார்கள். மோசே வாக்களிக்கப்பட்ட நாட்டைக் கண்ணால் மட்டும் பார்த்துவிட்டு உயிர்நீத்த மலையின் பெயர் அது. பின்னாளில் அங்கேயே ஒரு கல்லறைத் தோட்டமும் அமைந்துவிட்டது. பெயர் வைத்தபோது இதை நினைத்திருக்க மாட்டார்கள் என்றாலும், அந்தப் பொருத்தம் மனத்தை உறுத்துகிறது.

மலைக்கு வருவதே பெரும்பாடு. 1875-இல் ரயில் அம்மையநாயக்கனூர் வரை வந்தது. அந்த நிலையம்தான் இன்றைய கொடைக்கானல் ரோடு. அங்கிருந்து பெரியகுளம் வழியாக ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் இரவெல்லாம் மாட்டுவண்டி. அடிவாரத்தில் கிருஷ்ணம்மா நாயக்கன் தோப்பு. அதற்கு மேல் வண்டி போகாது. நடந்தோ, மட்டக்குதிரையிலோ, ஆட்கள் தூக்கும் நாற்காலியிலோதான் ஏற வேண்டும். மூங்கில் கழிகளில் கட்டிய நாற்காலியைத் தோள்மாற்றித் தோள்மாற்றித் தூக்கிக்கொண்டு பன்னிரண்டு மைல் செங்குத்துப் பாதையில் ஏறினார்கள். பெட்டி, படுக்கை, சமையல் பாத்திரம் எல்லாம் தலைச்சுமை. முகாமின் ஒவ்வொரு கோடையும் இந்தத் தோள்களின் மேல்தான் நடந்தது. பங்களாக்களின் பெயர்களும் பாதிரிமார்களின் பெயர்களும் நூல்களில் இருக்கின்றன. சுமந்தவர்களுக்குக் கிடைத்தது ‘கூலிகாட்’ என்று பாதைக்கு வந்த பெயர் மட்டுமே.

1863-இல் மதுரை ஆட்சியராக இருந்த வெர் ஹென்றி லெவிஞ்ச், ஓடைக்குக் குறுக்கே கரையெழுப்பி ஏரியை உண்டாக்கினார். முதல் படகுகள் தூத்துக்குடியிலிருந்து வந்தன. நாளடைவில் தென்னிந்தியாவின் பல மிஷன்களும் ஏப்ரல், மே மாதங்களில் இங்கே கூடத் தொடங்கின. வேதபாடம், ஜெபக்கூட்டம், ஊழிய ஆலோசனை ஆகியவற்றோடு டென்னிஸும் படகுச் சவாரியும் நடந்தன. கோடைக்காலத்துக்கு மட்டும் என்றிருந்த முகாம், மிஷனரி சங்கம், நூலகம் என்று நிலைபெற்றது. கத்தோலிக்கர்கள் தனி வழியில் வந்தார்கள். இயேசு சபையினர் செண்பகனூரில் 1895-இல் திருஇருதயக் கல்லூரியைத் தொடங்கினார்கள்.

முகாம் ஊராக மாறியதற்குக் குழந்தைகளே முக்கியக் காரணம். ஏழெட்டு வயதானதும் பிள்ளைகளைக் கப்பலேற்றி அமெரிக்காவுக்குப் படிக்க அனுப்புவது அக்கால மிஷனரிக் குடும்பங்களின் வழக்கம். மறுபடி முகம் பார்க்கப் பல ஆண்டுகள் ஆகும். அந்தப் பிரிவைத் தவிர்ப்பதற்காக 1901-இல், ஹைகிளெர்க் என்ற பழைய விடுதிக் கட்டடத்தில், மார்கரெட் எடி தலைமையில், பதின்மூன்று பிள்ளைகளுடன் ஒரு பள்ளி தொடங்கியது. இன்றைய கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல் அதுதான். பெருமாள் மலைக்கும் குக்கல் குகைக்கும் கட்டுச்சோற்றுடன் நடந்துபோய்க் கூடாரமடிக்கும் வழக்கம் அங்கே படித்தவர்களின் நினைவுகளில் பாடங்களைவிட ஆழமாகப் பதிந்திருக்கிறது.

1910-களில் லாஸ்காட் மலைச்சாலையில் மோட்டார் வண்டிகள் ஏறத் தொடங்கியதும் நாற்காலி தூக்குவது நின்றது; கூலிகாட் புல் மூடிப்போனது. ஆனால் மலையில் ஆளைத் தோளில் சுமப்பது அத்தோடு ஒழிந்துவிடவில்லை. கும்பக்கரைக்கும் கொடைக்கானலுக்கும் நடுவே, மலைச்சரிவில் வெள்ளக்கவி என்றொரு சிற்றூர் உண்டு. மோட்டார் சாலை எட்டாத அந்த ஊரில், அண்மைக்காலம் வரை, நோயாளிகளையும் பிரசவவலி கண்ட பெண்களையும் கழியில் கட்டிய டோலியில் வைத்து, ஊரார் தோள்மாற்றித் தூக்கிக்கொண்டு போனார்கள்.